பதினொரு மணி வெயில்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்காகச் சொல்லவில்லை. உங்கள் மடியில் இருக்கிறானே, அவனுக்காகத்தான். ஆக்ரா தாண்டும்வரை பனிதான். குவாலியர் வந்தாலும் பனிதான். முழுக்க இறங்காது, எனக்குத் தெரியும். இந்த வண்டியில் எந்த ஜன்னல்தான் ஒழுங்காக இறங்குகிறது? இருங்கள், என்னிடம் ஒரு பழைய சேலைக் கிழிசல் இருக்கிறது. இடுக்கில் இப்படித் திணித்துவிட்டால்... ஆயிற்று. இனி ஒரு ஊசிக் காற்றுகூட வராது.

குல்லா இல்லையா? பையில் இருக்கிறதா? பையில் இருந்தால் யாருக்குக் குளிர் விடும், பைக்கா? போடுங்கள். காதை மூடிப் போடுங்கள். குளிர் காது வழியாகத்தான் உள்ளே போகும். பிடுங்கி எறிவான், எறியட்டும். மறுபடி போடுங்கள். நம்முடைய கை சளைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எத்தனை வயது? ஒன்றே முக்காலா. எங்கள் இனியனும் அதே வயதுதான். எங்கள் என்று வாய் தானாகச் சொல்கிறது பாருங்கள். என் பிள்ளை இல்லை. நான் பார்த்துக்கொண்ட பிள்ளை. போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.

என் பெயர் பச்சையம்மாள். சின்னசேலம் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து இருபத்தாறு வருஷம். வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது தம்பி வீட்டுக்குத்தான் போகிறேன். அவன் பெண்டாட்டி எத்தனை நாள் முகம் சுளிக்காமல் சோறு போடுவாள் என்று தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும்.

வேலையை விட்டு ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்க மாட்டீர்களா? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லுவேன். ஒரு வாரமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எல்லாம் அந்த எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரி, பல்லா அம்மாளால் வந்தது. அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு தன் பூஜையைப் பார்த்திருந்தால் நான் இந்த வண்டியில் ஏறியிருக்கவே மாட்டேன்.

நம்ம ஊர்க்காரர்கள் வீடுதான். மேகலா மேடம் பெரிய ஆபீசில் வேலை. சாருக்கு பெங்களூரில். மாதம் ஒரு முறை வருவார். அக்டோபர் மாதம் நான் சேர்ந்தேன். நாலாவது மாடி. முதல் நாளே மேடம் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"அக்கா, மத்ததெல்லாம் முன்னபின்ன ஆனாலும் பரவாயில்ல. தினம் பதினொண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் இவனைக் கீழ பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிடணும். டாக்டர் சொல்லியிருக்காரு. கையில கால்ல வெயில் படணும். மண்ணுல ஓடணும்."

"குளிர் காலத்துலயுமா மேடம்?"

"குளிர் காலத்துலதான் முக்கியமா. அப்பதானே எல்லாரும் பிள்ளைங்கள உள்ளயே பூட்டி வச்சிடுறாங்க. புகை ரொம்ப இருக்கிற அன்னைக்கு நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன். மத்த நாள் எல்லாம் போயிடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பதினொரு மணி வெயில். தினமும் நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும்.

படித்தவர்கள் சொல்கிறார்கள், சரி. ஆனால் அவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் நின்றிருக்கிறார்களா? நான் நின்றிருக்கிறேன்.

சேர்ந்ததிலிருந்து புகைதான், மேடமே போன் பண்ணி வேண்டாம் என்றுவிடுவார். நவம்பர் கடைசியில் புகை விலகி, குளிர் இறங்கியது. அன்றைக்கு அவனுக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்குள்ளே ஒரு பனியன், காலுறை, கையுறை, முகம் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லா எல்லாம் போட்டுக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். கேட் வரைக்கும் போயிருப்போம். எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. அவன் மூக்கு நுனி சிவந்தது. அவ்வளவுதான். அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மறுநாள் லிப்ட் கீழே வந்து கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. மூன்றாம் நாள் லிப்ட் பட்டனை அழுத்தவே இல்லை.

ஆனால் அவனை நடக்கவிடாமல் வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை. நாலாவது மாடியில் லிப்டுக்கு முன்னால் நீளமாக ஒரு வழி. இந்தப் பக்கம் இரண்டு வீடு, அந்தப் பக்கம் இரண்டு வீடு. ஒரு கோடியில் பெரிய கண்ணாடி ஜன்னல். திறக்க முடியாத ஜன்னல். பதினொரு மணிக்கு அது வழியாக வெயில் ஒரு பாய் அளவுக்குத் தரையில் விழும். வெயில்தானே வேண்டும்? இதோ வெயில். நடைதானே வேண்டும்? இதோ நடை. காற்று இல்லை, பனி இல்லை, நாய் இல்லை, தூசி இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்த ஜன்னல் வரைக்கும். ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தொட வேண்டும், திரும்ப வேண்டும். அப்படிப் பழக்கியிருந்தேன். அறுபது தடவை. என் விரலைப் பிடித்துக்கொண்டு அவன் நடப்பதைப் பார்க்க வேண்டுமே. வெயில் விழுந்த இடம் வந்ததும் நின்று என்னை அண்ணாந்து பார்ப்பான். "வெயிலு"ன்னு நான் சொல்லுவேன். "வெய்"ன்னு அவன் சொல்லுவான்.

ஒரு நாள்கூட அவனுக்கு மூக்கு ஒழுகியதில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

சாயங்காலம் மேடம் வந்ததும் கேட்பார், "இன்னைக்கு என்னக்கா பார்த்தான்?" முதலில் சும்மா "அணில் பார்த்தான்" என்று சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பையைக்கூட வைக்காமல் கேட்டார். ஆபீசில் இருந்துகொண்டு பிள்ளையை நினைத்துக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது. அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? பலூன்காரன் வந்தான் என்றேன். ஒரு பழுப்பு நாய் இவனைக் கண்டால் வாலாட்டுகிறது என்றேன். மேடம் மறுநாள் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்து, "அந்த நாய்க்குப் போடுங்கக்கா, இவன் கையால போடச் சொல்லுங்க" என்று கொடுத்தார். என்ன செய்வது? டீயில் தோய்த்து நான்தான் தின்றேன்.

பொய்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யாரைக் கெடுத்த பொய்? நீங்களே சொல்லுங்கள்.

ஷூ அடி சுத்தமாக இருக்கிறதே என்று ஒரு நாள் தோன்றியது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. அதில் இரண்டு விரல் மண் எடுத்து, தண்ணீர் தொட்டு, ஷூ அடியில் தேய்த்து வாசலில் வைத்தேன். மேடம் அதைத் தட்டிக் கழுவும்போது முகத்தைப் பார்த்தேன். கோயில் பிரசாதத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் தினமும் தேய்த்தேன்.

அந்த ஷூவில்தான் வினை. நடந்தால் கீ கீ என்று கத்துமே, அந்த ஷூ. சார் பெங்களூரிலிருந்து வாங்கிவந்தது. நான் அதை யோசிக்கவே இல்லை. அறுபது தடவை போக, அறுபது தடவை வர. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கீ.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஞாயிறு லீவுதான். ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவனைப் பார்க்காவிட்டால் பொழுது போகாது. போயிருந்தேன். மேடம் கதவைத் திறந்துவைத்துப் பால்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். இவன் ஷூவைப் போட்டுக்கொண்டு கீ கீ என்று வெளியே வந்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பல்லா அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"மகளே, ஞாயிற்றுக்கிழமையாவது இந்தச் சத்தத்தை நிறுத்தக் கூடாதா? தினமும் நான் பூஜையில் உட்காரும் நேரம் பார்த்து, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும், என் கதவுக்கு வெளியே கீ கீ, கீ கீ. கடவுள் பெயர் வாயில் வரவில்லை, கீ கீதான் வருகிறது."

மேடம் சிரித்தார். "இல்லை ஆன்ட்டி, அந்த நேரத்தில் இவன் பார்க்கில் இருப்பான்."

"பார்க்கிலா? நான் இந்தப் பிள்ளையைப் பார்க்கில் ஒரு நாளும் கண்டதில்லை."

நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பால்கனிக்குப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தார். ஓரத்தில் என் விரல் தோண்டிய பள்ளம் இருந்தது. வேரே தெரிந்தது. உள்ளே வந்து, "கிளம்புங்கக்கா, மூணு பேரும் பார்க்குக்குப் போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வெளியே வந்ததும் அவன் வழக்கம்போல ஜன்னல் பக்கம் இழுத்தான். மேடம் தூக்கிக்கொண்டு இறங்கினார். நல்ல வெயில்தான், பொய் சொல்ல மாட்டேன். பார்க் நிறையப் பிள்ளைகள். மேடம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவன் குல்லாவைக் கழற்றினார். "மேடம், காது" என்றேன். கையுறையைக் கழற்றினார். ஷூவை, காலுறையைக் கழற்றினார். கழற்றக் கழற்ற நான் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பேண்டை முட்டிவரை சுருட்டி, அவனைப் புல்லில் இறக்கினார்.

இரண்டு காலையும் மடக்கிக்கொண்டான், அம்மா. தொடவே மாட்டேன் என்று. புல் பட்டதும் வீல் என்று அலறினான். அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. மேடம் மறுபடி இறக்கினார், மறுபடி அலறினான். கைநீட்டி என் சேலையைப் பிடித்து என் மேல் ஏறிவிட்டான். பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள், அவன் என்மேல் ஏறுகிறான். சொன்னால் பாவம், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

பக்கத்தில் இவனைவிடச் சின்னதாக ஒரு பெண் குழந்தை மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு ஓடியது. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "அந்தப் பழுப்பு நாய் எங்கக்கா?"

என்ன சொல்வேன்? "செத்துப்போச்சு மேடம்" என்றேன்.

மறுநாள் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், காலைப் படம் எடுத்தார்கள். எலும்பு இளகியிருக்கிறதாம். எலும்பு என்ன, வெல்லமா? கால் கொஞ்சம் வில் மாதிரி வளைந்திருக்கிறதாம். அதை நானும் பார்த்தேன், எண்ணெய் தேய்க்கும்போது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்தது, அவர் மூட்டை தூக்கவில்லையா? முன்னாலேயே லேசாக இருந்தது, வெயில் உடம்பில் படாததால் முற்றிவிட்டதாம். வெயிலில்தான் நிற்கவைத்தேன் என்றேன். கண்ணாடி வழியாக வருகிற வெயில் கணக்கில் சேராதாம். அது எப்படிச் சேராது? சுடுகிறதே. தொட்டுப் பார்த்தால் சுடுகிறதே.

மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷத்தில் நிமிர்ந்துவிடுமாம். நிமிரட்டும். மகராசனாக நடக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு நாள்கூட சளி பிடிக்கல மேடம். ஒரு தும்மல்கூட இல்ல."

"நான் அதக் கேக்கலக்கா. முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு அந்த நாய்? எதுக்கு அந்த மண்ணு?"

காரணம் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கேயோ இறங்கிப் போய்விடுவீர்கள்.

எனக்கு ஒரு பெண் இருந்தது. பூங்காவனம். பூவு என்று கூப்பிடுவோம். ஒன்றேகால் வயது. டெல்லிக்கு வந்த இரண்டாவது வருஷம், இதே தை மாதம். நாலு நாளாகப் பனி மூட்டம், அன்றைக்குச் சாயங்காலம் கொஞ்சம் வெயில் அடித்தது. நான்தான் அதைச் சந்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் புத்தி. கீழே விட்டேன். வெறும் கால், வெறும் தலை. அதுவரை பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அன்றைக்கு ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டுத் தானாக நடந்தது. பதினேழு அடி. நான் கை தட்டினேன். சந்தில் இருந்தவர்கள் எல்லாம் தட்டினார்கள். அப்போது ஒரு காற்று வந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்தக் காற்று. அதில்தான் பிள்ளைக்குக் குளிர் ஏறிவிட்டது.

ராத்திரி நல்ல குளிர். வீட்டுக்காரர் இரும்புச் சட்டியில் கரி போட்டு மூட்டினார். டெல்லியில் எல்லாரும் செய்வதுதான். "கதவை ரெண்டு விரக்கடை திறந்து வையிடி" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். ஆம்பிளைகளுக்கு என்ன தெரியும்? பிள்ளை காற்றில் நின்றுவிட்டு வந்திருக்கிறது. அவர் தூங்கினதும் எழுந்து கதவைச் சாத்தினேன். கதவுக்குக் கீழே இடுக்கு இருந்தது. ஒரு சேலைக் கிழிசலை எடுத்துத் திணித்தேன்.

காலையில் எனக்குத் தலையைப் பிளந்தது. அவர் வாந்தி எடுத்தார். பூவு எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் எங்களைத் திட்டினார். மூடின அறையில் கரி எரிப்பார்களா, புகை, புகை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் அவர் அந்தச் சந்தில் இருந்தாரா? அவள் வெறுங்காலோடு மண்ணில் நின்றதை அவர் பார்த்தாரா? நான் பார்த்தேன்.

வீட்டுக்காரர் அந்தக் கதவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாகும்வரை கேட்டதில்லை. அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் அதற்கப்புறம் எந்தக் குளிரிலும் கதவைத் தாழ் போட விடமாட்டார். கதவோரமாகவே படுப்பார். கதவில் கால் முட்டுகிற மாதிரி படுத்துக்கொள்வார். நான் எழுந்து போனால் விழித்துக்கொள்வார்.

மேடத்திடம் சொல்லியிருந்தால் இரக்கப்பட்டு வைத்துக்கொண்டிருப்பார் என்கிறீர்களா? இருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டு அவரும் அந்த டாக்டர் சொன்னதையே சொல்லியிருப்பார். படித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுகிறார்கள். அதை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது, அம்மா.

கிளம்பும்போது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்கக்கா" என்றார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. இனியன் வெறும் காலோடு வாசலுக்கு வந்தான். அந்த ஷூவை மேடம் எடுத்து ஒளித்துவிட்டார். என் விரலைப் பிடித்தான். மணி பதினொன்று ஆகியிருந்தது. பிள்ளைக்கு மணி தெரியுமா? தெரியும். என்னை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடக்கப் பார்த்தான். நான் விரலை உருவிக்கொண்டு லிப்டுக்குள் போனேன். அவன் பின்னால் வரவில்லை, அழவும் இல்லை. தனியாக நடந்தான். கதவு மூடுகிற நேரம் பார்த்தேன். வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தான், அங்கே நான் இல்லை. சுவரைத் தொட்டான், திரும்பினான்.

பிரிட்ஜில் ஒட்டின தாள் இன்னும் அங்கேதான் இருக்கும். புதிதாக வருகிறவள் ஒழுங்காகக் கீழே கூட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு என்ன, பயமா ஒன்றா?

என்னம்மா? ஏன் அவனை இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்? நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லையே.

அடடா, பிடுங்கிவிட்டானா துணியை? பாருங்கள், காற்று எப்படி வருகிறது! சிரிக்கிறான், போக்கிரி. குல்லாவும் போயிற்று. கொடு சாமி, அதை இப்படிக் கொடு. கொடுக்க மாட்டானா? நீங்களாவது வாங்கிக் கொடுங்களேன். வெயில் வந்துவிட்டதா? வரட்டும், கண்ணாடி வழியாகவே வருமே. சரி, அவனே வைத்துக்கொள்ளட்டும், அழவைக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், அம்மா. என்னிடம் இன்னொரு துணி இருக்கிறது.